கைவேலைக்கு என்ன விலை?

கோலாலம்பூரில் ஒரு நாளைக் கழிக்க வேண்டும் என்றால் நம் குடும்பங்களில் வழக்கமாகப் போடும் திட்டம் ஒன்று உண்டு. காலையில் பத்துமலை, மதியம் வாழையிலைச் சாப்பாடு, பிறகு மஸ்ஜித் இந்தியாவில் துணிமணி. பிள்ளைகள் அடம் பிடித்தால் மாலையில் கேஎல்சிசி. இந்தத் திட்டத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் பள்ளி விடுமுறை வரும்போதெல்லாம் இதையே திரும்பத் திரும்பச் செய்து அலுத்தவர்களுக்கு இந்த வாரம் வேறு ஒரு வழியைச் சொல்கிறேன்.

எம்ஆர்டி புத்ராஜெயா வழித்தடத்தில் ஹாஸ்பிட்டல் கோலாலம்பூர் என்று ஒரு நிலையம். அங்கிருந்து ரயில் ஏறினால் ராஜா ஊடா, அம்பாங் பார்க், பெர்சியாரான் கேஎல்சிசி, அடுத்தது கொன்லே. நான்காவது நிறுத்தம். முதல் நிலையத்துக்குப் பக்கத்தில் பாலாய் செனி நெகாரா எனப்படும் தேசியக் கலைக்கூடம் இருக்கிறது. கடைசி நிலையத்துக்குப் பக்கத்தில் கொம்ப்லெக்ஸ் கிராஃப் எனப்படும் கைவினை வளாகம். ஒன்று படம் பார்க்கும் இடம், மற்றொன்று பொருள் வாங்கும் இடம். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால்தான் ஒன்றைப் பற்றி மற்றொன்று நமக்கு என்ன சொல்கிறது என்பது புரிகிறது.

கிள்ளானிலிருந்து மூன்று பேர் கிளம்பினோம். நான், என் அண்ணி, படிவம் ஒன்றில் படிக்கும் அவர் மகள். பள்ளியில் ஓவியக் கல்விப் பாடத்துக்கு ஒரு தொகுப்பேடு செய்யச் சொல்லியிருந்தார்கள். அதற்காகத்தான் பயணம். அண்ணி வீட்டிலேயே இரவிக்கை தைப்பவர். இருபது ஆண்டுகளாகத் தையல் இயந்திரமும் கையுமாக இருக்கிறார். "எனக்கு அங்க என்னா வேல? நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றவரை வற்புறுத்தித்தான் கூட்டிக்கொண்டு போனோம்.

கேடிஎம் கொமுட்டரில் கேஎல் சென்ட்ரல் வரை வந்து, மோனோரயிலில் தித்திவங்சாவில் இறங்கி, அங்கிருந்து எம்ஆர்டியில் ஒரே ஒரு நிலையம். காரை எடுத்துக்கொண்டு துன் ரசாக் சாலை நெரிசலில் மாட்டிக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல்.

நான்கு படைப்புகளில் தொடங்கிய கூடம்

தேசியக் கலைக்கூடம் 1958ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தொடங்கப்பட்டது. நாடு விடுதலை பெற்று ஓர் ஆண்டு நிறைவதற்குச் சில நாட்களே இருந்தன. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அதைத் திறந்து வைத்தார். அப்போது கூடத்தின் கையிருப்பு என்று சொல்லிக்கொள்ள இருந்தவை நன்கொடையாகக் கிடைத்த நான்கு படைப்புகள் மட்டுமே. அம்பாங் சாலைக் கட்டடம் ஒன்றில் அது இயங்கியது.

1984இல் கூடம் இடம் மாறியது. பழைய கோலாலம்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த மெஜெஸ்டிக் ஹோட்டல் கட்டடம்தான் புதிய வீடு. அந்தக் காலத்தில் ரயிலேறிக் கோலாலம்பூருக்கு வந்து போன நம் பெரியவர்கள் எதிரே நின்ற அந்த வெள்ளைக் கட்டடத்தை எத்தனையோ முறை பார்த்திருப்பார்கள். உள்ளே போனவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். 1998இல் இப்போதுள்ள இடத்துக்கு வந்து சேர்ந்தது. பக்கத்தில் இஸ்தானா புடாயா, சற்றுத் தள்ளி தித்திவங்சா ஏரி.

உள்ளே நுழைந்தால் முதலில் கவனத்தை இழுப்பது சுழன்று மேலேறும் சாய்வுப் பாதை. மூட்டு வலிக்காரரான அண்ணிக்கு அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. படியேற வேண்டாம், மெதுவாகச் சுற்றிக்கொண்டே மேல் தளங்களுக்குப் போகலாம். தள்ளுவண்டியில் குழந்தையோடு வருபவர்களுக்கும் வசதி.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இங்கே காட்சிகள் அவ்வப்போது மாறும். கூடத்தின் சேமிப்பில் உள்ள எல்லாப் படைப்புகளும் எப்போதும் சுவரில் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஆகவே ஒரு குறிப்பிட்ட படத்தைத் தேடிப் போவதைவிட, என்ன இருக்கிறதோ அதை நிதானமாகப் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டு போவது நல்லது.

நமக்குத் தெரியாத நம்மவர்கள்

மருமகள் பள்ளி வேலையில் மும்முரமாக இருந்தாள். ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் ஒரு சிறு அட்டை இருக்கிறது அல்லவா, அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள். ஓவியர் பெயர், படத்தின் தலைப்பு, வரைந்த ஆண்டு, எதில் வரைந்தது, நீள அகலம். படத்தைப் பார்ப்பதைவிட அட்டையைப் படிப்பதில்தான் அவளுக்கு அதிக நேரம் போனது. ஆனால் அந்த அட்டைதான் அன்று மாலை வரை எங்களைப் பேச வைத்தது.

"அத்தை, தமிழ்ப் பேரு எதுவும் இருக்கா?" என்று கேட்டாள்.

இருக்கிறது. நம் நாட்டு ஓவிய வரலாற்றில் நம்மவர்களுக்கும் இடம் உண்டு. நிர்மலா தத் சண்முகலிங்கம் என்று ஒருவர். 1941இல் பினாங்கில் பிறந்து 2016இல் மறைந்தவர். பூவும் நிலவும் வரைந்து கொண்டிருக்காமல், சுற்றுச்சூழல் சீர்கேடு, போர், பட்டினி ஆகியவற்றைப் படைப்புக்குள் கொண்டு வந்தவர். 1973இல் நடந்த 'மனிதனும் அவன் உலகும்' என்ற போட்டிக் கண்காட்சியில் சுலைமான் ஈசாவுடன் சேர்ந்து முதன்மைப் பரிசு பெற்றார். ஒரு பெண், அதிலும் இந்தியப் பெயர் கொண்டவர், ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்த நாட்டில் இப்படிப் பேசியிருக்கிறார். நம் வீடுகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

இன்னொருவர் சையத் தாஜுதீன். 1943இல் தமிழகத்தில் பிறந்தவர். இங்கே வளர்ந்து, பிறகு சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் பயின்று திரும்பியவர். 1970களின் தொடக்கத்தில் இராமாயணக் காட்சிகளைப் பெரிய அளவில் தீட்டியவர். ஒரு முஸ்லிம் ஓவியர் சீதையையும் அனுமனையும் வரைந்ததை மருமகளிடம் சொன்னபோது அவளுக்கு அது ஒன்றும் பெரிய வியப்பாக இல்லை. "ஏன், வரையக் கூடாதா?" என்றாள். அவள் கேள்வியே எனக்குப் பிடித்திருந்தது.

அதன் பிறகு ஒரு படத்தின் முன்னால் நின்றுவிட்டாள். அட்டையில் 'பாத்தேக்' என்று போட்டிருந்தது. "இது படமா, துணியா அத்தை?"

நல்ல கேள்வி. பதில் சொல்லப் பினாங்குக்குப் போக வேண்டும். சுவா தியான் தெங் என்ற சீன ஓவியர் அங்கே வாழ்ந்தார். போருக்குப் பிறகு பாத்தேக் துணித் தொழிற்சாலை ஒன்றை நடத்தினார். அது ஓடவில்லை. மிஞ்சிய மெழுகையும் சாயத்தையும் வைத்துக்கொண்டு, 1950களில் துணியில் படம் வரையத் தொடங்கினார். மீனவர், தாயும் சேயும், சந்தைப் பெண்கள் என்று தான் பார்த்த வாழ்க்கையை வரைந்தார். சட்டைக்கும் சாரோங்குக்கும் பயன்பட்டு வந்த முறை சட்டமிட்டுச் சுவரில் மாட்டும் ஓவியமானது அப்படித்தான். 1968இல் அவருடைய படம் ஒன்றை ஐக்கிய நாட்டுக் குழந்தைகள் நிதியமான யுனிசெஃப் தன் வாழ்த்து அட்டைக்குத் தேர்ந்தெடுத்தது. 2008இல் மறைந்தார். பாத்தேக் ஓவியத்தின் முன்னோடி என்று இன்றும் அவரைத்தான் சொல்கிறார்கள்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அண்ணி முதன்முறையாக வாயைத் திறந்தார். "அதே மெழுகு, அதே சாயம். சட்டையா இருந்தா பேரு இல்ல, சட்டம் போட்டா பேரு வந்துருது."

ஏரிக்கரையில் புளிச்சோறு

மதியத்துக்கு அண்ணி புளிச்சோறும் உருளைக்கிழங்கு சம்பாலும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். தித்திவங்சா ஏரிப் பூங்காவுக்கு நடந்து போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். எதிரே ஏரி, அதற்கு அப்பால் கோபுரங்கள். வெயில் நேரத்தில் குடையும் தண்ணீரும் அவசியம்.

சாப்பிட்டுக்கொண்டே அண்ணி தன் மனத்தில் இருந்ததைச் சொன்னார். தையலை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறாராம். பக்கத்துக் கிடங்கு ஒன்றில் பொருள்களைப் பொட்டலமிடும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். மாதச் சம்பளம், சொக்சோ, ஈபிஎஃப் எல்லாம் உண்டு. "தீபாவளிக்கு ரெண்டு மாசம் தூங்காம தைக்கிறேன். வாங்க வரவங்க 45 வெள்ளியான்னு கேக்குறாங்க. ஆன்லைன்ல 30 வெள்ளிக்கு ரெடிமேட் கெடைக்குதுங்குறாங்க. என்னா பதில் சொல்றது?"

எனக்கும் பதில் தெரியவில்லை. ரயில் ஏறி கொன்லேக்குப் போனோம்.

மெழுகுக் கோடு திறந்திருக்கக் கூடாது

கைவினை வளாகம் ஜாலான் கொன்லேயில் இருக்கிறது. நகரத்தின் நடுவே, உயர்ந்த கட்டடங்களுக்கு இடையில், தாழ்ந்த கூரைகளும் மரங்களுமாக ஓர் இடம். விற்பனைக் கூடம் உண்டு. சிறிய கைவினை அருங்காட்சியகம் உண்டு. ஓவியர்கள் உட்கார்ந்து வேலை செய்யும் குடில்கள் உண்டு. நாமே பாத்தேக் தீட்டிப் பார்க்கும் இடமும் உண்டு. பிள்ளைகளோடு போகிறவர்கள் முதலில் அங்கே போவதுதான் நல்லது. கடையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். செய்து பார்த்துவிட்டுக் கடைக்குள் போனால் பார்க்கும் பார்வையே வேறு.

மரச்சட்டத்தில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டியிருந்தார்கள். பெலிக்காட் கைலி கட்டிய பெரியவர் ஒருவர் சாந்திங் கருவியைக் காட்டினார். மரப்பிடி, அதன் நுனியில் சின்னஞ்சிறு செம்புக் கிண்ணம், கிண்ணத்தில் ஊசி போல ஒரு மூக்கு. சூடான மெழுகில் முக்கி எடுத்துத் துணியில் ஓட்டினால் மெழுகு கோடாக இறங்குகிறது. மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. இதுதான் பாத்தேக்கின் அடிப்படை. கோடுகளுக்கு இடையே உள்ள கட்டங்களில் தூரிகையால் சாயம் தீட்டுகிறார்கள். காய்ந்ததும் சாயம் நிற்பதற்கு சோடியம் சிலிக்கேட் கரைசலைப் பூசிப் பல மணி நேரம் விடுகிறார்கள். பிறகு அலசி, கொதிநீரில் போட்டு மெழுகை எடுக்கிறார்கள். மெழுகு இருந்த இடம் வெள்ளைக் கோடாக நிற்கிறது.

மெழுகு அதிகச் சூடானால் பரவிவிடும். ஆறிவிட்டால் துணிக்குள் இறங்காமல் மேலே நின்றுவிடும். கை ஒரு நொடி தயங்கினால் அந்த இடத்தில் சொட்டு விழும். அழிப்பான் கிடையாது.

"கோடு எங்கேயாவது திறந்திருந்தால் சாயம் அடுத்த கட்டத்துக்கு ஓடிவிடும்" என்றார் பெரியவர் மலாயில்.

"நம்ம சிக்குக்கோலம் மாதிரிதான்" என்றார் அண்ணி தமிழில், மகளைப் பார்த்து. "புள்ளியச் சுத்தி வந்து சேரணும், நடுவுல விடக் கூடாது."

மருமகளுக்குக் கோடு ஏற்கெனவே போட்ட சிறிய துணி ஒன்று கிடைத்தது. சாயம் மட்டும் தீட்ட வேண்டும். ஒரு செம்பருத்திப் பூ. அதற்கே அவள் நெடுநேரம் எடுத்துக்கொண்டாள். இதழின் ஓரத்தில் அடர்ந்த சிவப்பு, உள்ளே வரவர வெளிறிப் போக வேண்டும். ஈரம் காய்வதற்குள் தண்ணீர் தொட்டு இழுக்க வேண்டும். நிமிர்ந்து பார்த்தபோது மூக்கில் கூடச் சாயம்.

பெரியவர் கட்டியிருந்த கைலியைப் பற்றி ஒரு வார்த்தை. மலாய்க்காரர்கள் 'காயின் பெலிக்காட்' என்று சொல்லும் கட்டம் போட்ட துணிக்குப் பெயர் வந்தது சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டிலிருந்து. வெள்ளைக்காரர்கள் அந்த ஊரைப் புலிகாட் என்றார்கள். 1600களில் டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டிக்கொண்டு, சோழமண்டலக் கரையின் நெசவுத் துணிகளை இந்தப் பக்கத் தீவுகளுக்கு ஏற்றி அனுப்பினார்கள். துணி வந்தது, ஊரின் பெயரும் கூடவே வந்து தங்கிவிட்டது. நெய்தவர்களின் பெயர் மட்டும் வரவில்லை.

அலமாரியில் இருந்தவை

விற்பனைக் கூடத்தில் நுழைந்ததும் அண்ணி வேறு ஆளாகிவிட்டார். கலைக்கூடத்தில் ஒதுங்கி நின்றவர், இங்கே துணியைத் தொட்டுப் பார்க்கிறார், திருப்பிப் பார்க்கிறார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறார்.

"இங்க பாரு. கையால செஞ்சதுல முன்னாலயும் பின்னாலயும் ஒரே நெறம். சாயம் நூலுக்குள்ளயே எறங்கியிருக்கு. மெஷின்ல அச்சடிச்சதுன்னா பின்பக்கம் வெளுத்திருக்கும்." பாத்தேக் வாங்குகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். ஒரு பூவைப் போலவே அச்சாக இன்னொரு பூ இருந்தால், அது அச்சு. கையால் வரைந்ததில் இரண்டு பூ ஒன்றுபோல் இருக்காது. உலோகக் கட்டையில் மெழுகைத் தொட்டு ஒற்றிச் செய்யும் 'சாப்' வகை ஒன்றும் உண்டு. அதில் வடிவம் திரும்பத் திரும்ப வரும். ஆனால் அதுவும் கைவேலைதான். ஒற்றுகிற கை தவறினால் வரிசை கோணிவிடும்.

பாத்தேக்குக்கு அடுத்து சொங்கெட். பட்டு அல்லது பருத்தி நூலுக்கு நடுவே பொன்னிழையைக் குறுக்காக ஓட்டி நெய்வது. திரங்கானு, கிளந்தான், பகாங் நெசவாளர்களின் வேலை. ஒவ்வொரு வரிசைக்கும் நூலை எண்ணித் தூக்க வேண்டும். ஒரு துணிக்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். 2021இல் யுனெஸ்கோ இதை மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. நம் பட்டுப் புடவையின் சரிகை தெரிந்த கண்ணுக்கு சொங்கெட் அந்நியமாகத் தோன்றாது.

மெங்குவாங் பாய்களும் கூடைகளும் ஒரு பக்கம். தாழை இனத்து இலையின் முள்ளைச் சீவி, கீற்றாகக் கிழித்து, வேகவைத்து, காயவைத்து, சாயமேற்றிப் பின்னுகிறார்கள். மா மெரி மக்களின் மரச் செதுக்கல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் கேரித் தீவில் வாழும் பூர்வகுடிகள். கேரித் தீவு என்றால் நமக்குச் செம்பனைத் தோட்டம்தான் நினைவுக்கு வரும். அதே தீவில் முன்னோர் முகங்களையும் ஆவிகளையும் மரத்தில் செதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

லாபு சாயோங்கைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் நின்றேன். கோலகங்சார் பக்கத்தில் செய்யும் சுரைக்காய் வடிவ மண் கூஜா. சுட்ட சூட்டோடு நெல் உமியில் புதைத்து எடுப்பதால் கறுத்துப் போகிறது. தண்ணீர் ஊற்றி வைத்தால் சில்லென்று இருக்கும். அழகான பொருள். பளபளப்பான அலமாரியில், விளக்கு வெளிச்சத்தில் இருந்தது.

எனக்குக் கோலசிலாங்கூர் நினைவு வந்தது. அங்கே கம்போங் குவாந்தானில் தலைமுறை தலைமுறையாக மண்பாண்டம் செய்யும் நம் குடும்பங்கள் இருக்கின்றன. பொங்கலுக்கு நாம் வாங்கும் பானைகளில் பல அங்கிருந்து வருபவைதான். அந்தப் பானையை நாம் எப்படி வாங்குகிறோம்? ஜனவரி மாதம் கடை வாசலில் அடுக்கி வைத்திருப்பதைத் தட்டிப் பார்க்கிறோம். "ரெண்டா எடுத்தா கொறைப்பீங்களா?" என்று கேட்கிறோம். செய்தவர் யார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

மருமகள் பழக்க தோஷத்தில் இங்கேயும் அட்டைகளைப் படித்துக்கொண்டு வந்தாள். "அத்தை, இங்க வெலை இருக்கு. எங்க செஞ்சதுன்னு இருக்கு. யாரு செஞ்சாங்கன்னு இல்லியே?"

விற்பனைப் பெண்மணியிடம் கேட்டோம். அவர் பொறுமையாக விளக்கினார். பட்டறையில் ஒரே துணிக்குப் பல கைகள். மெழுகுக் கோடு போடுபவர் ஒருவர், சாயம் தீட்டுபவர் இன்னொருவர், கொதிநீரில் அலசுபவர் வேறு ஒருவர். யார் பெயரைப் போடுவது? நியாயமான பதில்தான். அதே சமயம் கைவினைஞர்களுக்குப் பெயரே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அரசின் கைவினை மேம்பாட்டுக் கழகம் தேர்ந்த கைவினைஞர்களுக்கு 'அடிகுரு கிராஃப்' என்ற தகுதியை வழங்குகிறது. அதில் உள்ள குரு என்ற சொல் நம் காதுக்கும் பழகியது. குடில்களில் வேலை செய்யும் ஓவியர்கள் தங்கள் படைப்பில் கையெழுத்துப் போடுகிறார்கள், அங்கேயே அவர்களோடு பேசவும் செய்யலாம்.

ஒரு சின்னக் கணக்கு

கையால் தீட்டிய பட்டுப் பாத்தேக் ஒன்று அண்ணிக்குப் பிடித்திருந்தது. நான்கு மீட்டர், ஒரு பாஜு குரோங்குக்கு ஆகும் அளவு. விலை மூன்று இலக்கம். நான் வழக்கம்போல, "அம்மாடி, இவ்வளவா?" என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணி முந்திக்கொண்டார்.

"இவ்வளவுதானா?" என்றார்.

துணி விலை எவ்வளவு இருக்கும், மெழுகுக்கும் சாயத்துக்கும் எவ்வளவு, கோடு போட எத்தனை மணி, தீட்ட எத்தனை மணி, அலசிக் காயவைக்க எவ்வளவு என்று விரல் விட்டு எண்ணினார். வாடகை, மின்சாரம், கடையின் பங்கு எல்லாம் போனால் செய்தவர்களுக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டார். சற்று முன் ஒரு செம்பருத்திப் பூவுக்கு மகள் பட்ட பாட்டைப் பார்த்தவர் அல்லவா?

வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். "அண்ணி, அதே கணக்க உங்க இரவிக்கைக்கும் போட்டுப் பாருங்க" என்றேன். மருமகள் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள்.

உள்துணி வைத்த இரவிக்கை ஒன்று. அளவெடுத்து வெட்ட ஒரு மணி நேரம். தைக்க மூன்று மணி. கொக்கி வைத்து, கையால் ஓரம் மடித்து முடிக்க ஒரு மணி. ஆக ஐந்து மணி நேரம். உள்துணி, நூல், கொக்கி எல்லாம் சேர்த்து 8 வெள்ளி. வாங்குவது 45 வெள்ளி. மிஞ்சுவது 37. ஐந்தால் வகுத்தால் மணிக்கு 7 வெள்ளி 40 சென்.

நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் 2025 பிப்ரவரியிலிருந்து மாதம் 1,700 ரிங்கிட். மணிக்கணக்கில் பார்த்தால் 8 ரிங்கிட் 17 சென். அதாவது, இருபது ஆண்டு அனுபவம் உள்ள ஒரு தையற்காரர், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவருக்குச் சட்டம் உறுதி செய்யும் கூலியைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டிருக்கிறார். அந்தக் குறைந்தபட்சத்தைத் தொடுவதற்கே ஓர் இரவிக்கைக்கு ஏறக்குறைய 49 வெள்ளி கேட்க வேண்டும். இயந்திரத்தின் தேய்மானம், மின்சாரம், கண்ணாடி மாற்றும் செலவு எதையும் இன்னும் சேர்க்கவில்லை.

அண்ணி அந்தக் கணக்கை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமோ வருத்தமோ இல்லை. "இத யாரும் எனக்குப் போட்டுக் காட்டல. நானும் போட்டுப் பாக்கல" என்றார்.

கிடங்கு வேலைக்குப் போவதா, தைப்பதா என்பதை அவர் அன்று முடிவு செய்யவில்லை. மாதச் சம்பளம் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் எந்தக் குடும்பமும் இல்லை, அதை நாம் மறந்துவிடக் கூடாது. ஆனால் தைப்பதாக இருந்தால் இனி 60 வெள்ளி என்றார். விலை கூட என்பவர்களிடம் அந்தப் பக்கத்தைக் காட்டப் போகிறாராம். போகிறவர்கள் போகட்டும் என்றார்.

கைவேலை அழிகிறது என்று நாம் மேடைகளில் வருத்தப்படுகிறோம். மலர்மாலை கட்டுபவர், தச்சர், குயவர், தையற்காரர் வீட்டுப் பிள்ளைகள் அந்தத் தொழிலுக்கு வருவதில்லை என்கிறோம். அவர்கள் ஏன் வர வேண்டும்? அப்பாவும் அம்மாவும் மணிக்கு எவ்வளவு சம்பாதித்தார்கள் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். பேரங்காடியில் ஒரு வெளிநாட்டுச் சட்டைக்கு ஒட்டிய விலையைக் கேள்வி கேட்காமல் கொடுக்கிற நாம், தெரிந்த அக்காவிடம்தான் ஐந்து வெள்ளிக்குப் பேரம் பேசுகிறோம்.

எல்லாவற்றுக்கும் கேட்ட விலையைக் கொடுங்கள் என்று சொல்ல வரவில்லை. நம் வரவுக்குள்தான் வாழ வேண்டும். வாங்க முடியாவிட்டால் வாங்காமல் வரலாம், அதில் அவமானம் இல்லை. நாங்களும் அந்தப் பட்டை வாங்கவில்லை. ஒரு சிறிய மெங்குவாங் பணப்பை மட்டும் வாங்கினோம். ஆனால் விலையைக் குறைக்கச் சொல்வதற்கு முன், இதைச் செய்ய எவ்வளவு நேரம் ஆனது என்று ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். பதில் வந்த பிறகு பேரம் பேச மனம் வருகிறதா என்று பார்ப்போம்.

போக நினைப்பவர்களுக்கு

முதலில் கலைக்கூடம், பிறகு கைவினை வளாகம் என்ற வரிசையே நல்லது. காலை பத்து மணிக்கெல்லாம் கலைக்கூடத்தில் இருந்தால் அவசரமில்லாமல் இரண்டு மணி நேரம் பார்க்கலாம். மதிய உணவை ஏரிக்கரையில் வைத்துக்கொண்டால் செலவும் குறையும், பிள்ளைகளுக்கும் ஓடியாட இடம் கிடைக்கும். பாத்தேக் தீட்டுவதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். சாயம் பட்டால் போகாது, ஆகவே பழைய உடுப்பில் வருவது நல்லது. திறந்திருக்கும் நாள், நேரம், அப்போது நடக்கும் கண்காட்சி ஆகியவற்றைப் புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். பொது விடுமுறை நாட்களில் நேரம் மாறலாம்.

பிள்ளைகளிடம் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். கூடத்தில் இருக்கும் அட்டைகளை எழுதிக்கொள்ளட்டும். கடையில், அட்டையில் இல்லாததைக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். வீட்டுக்கு வந்ததும், அலமாரியில் உள்ள இரவிக்கை, பூஜை அறையில் உள்ள மரப்பலகை, அடுக்களையில் உள்ள மண்சட்டி ஆகியவற்றைச் செய்தவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரிந்தவரை சொல்லுங்கள்.

எங்கள் வீட்டு நோட்டில் அந்தப் பட்டியல் தொடங்கிவிட்டது. முதல் வரியில் அவள் அம்மாவின் பெயர். அதற்குப் பக்கத்தில், கலைக்கூடத்து அட்டையைப் பார்த்து எழுதியது போலவே: இரவிக்கை, பருத்தியும் உள்துணியும், ஐந்து மணி நேரம்.